இர்வான் பேரில் ஒரு முகவரி

பாயான் பாரு,
12 ஜனவரி 2025

அன்பும் அடாவடியும் கலந்த என் அண்ணன் மோகனராஜுக்கு,

வணக்கம். இங்கே நான், அம்மா, ஒழுகுற பாத்ரூம் குழாய் மூணு பேரும் சௌக்கியம். நீ எப்படி? இருமல் நின்னுச்சா? ராத்திரி தூங்குறியா? இதெல்லாம் அம்மா பக்கத்துல நின்னு எழுதச் சொன்ன கேள்விங்க. இப்ப அவங்க ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிட்டாங்க. இனி நான் சுதந்திரப் பறவை. சாரிண்ணே, உங்கிட்ட அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுல்ல.

மலாய்ல எழுதினா சீக்கிரம் கைக்கு வரும்னு சொல்லியிருந்தே. தமிழ்க் கடிதத்தைப் படிச்சுப் பார்த்து உள்ளே விட அங்கே ஒரே ஒரு வார்டன்தான், அவர் லீவு போட்டா கடிதம் மேசையிலேயே படுத்துக்கும்னு. சரிதான். ஆனா என் ஜோக்கையெல்லாம் மலாய்ல எழுதினா வார்டனே அழுவார். கடிதத்துல ‘கடி’ இருக்கணும்ணே. அதை எடுத்துட்டா மிச்சம் ‘தம்’தான், அதுக்கும் உங்க இடத்துல தடை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். டிசம்பர்ல நீ வெளியே வர்றே. லைசென்ஸ் போச்சு, அதனால உன் கூட்டாளி இம்ரான் அண்ணன் வேன் ஓட்டுவார், நீ ஏர்கோன் ரிப்பேர் வேலை பார்ப்பேன்னு பேச்சு. போன வாரம் ஒரு கஸ்டமர் இம்ரான் அண்ணன்கிட்ட உன் முழுப் பேரைக் கேட்டு போன்ல தட்டிப் பார்த்தாங்களாம். வந்தது என்ன தெரியுமா? ‘மோட்டார் சைக்கிளில் சென்ற இளைஞர் பலி, வேன் ஓட்டுநருக்கு ஐந்தாண்டுச் சிறை’. உன் படத்தோட. அதுக்குக் கீழேயும் அதே, அதுக்கும் கீழேயும் அதே. அந்த அம்மா அப்படியே பேச்சை மாத்திட்டாங்க. இதுக்குத்தான் தேடுபொறின்னு பேரு வெச்சான் போல. பொறின்னா எலிக்கு வைக்கிறதுதானே? எலி நீ.

அதனால உனக்கு ஒரு இணைய முகவரி வாங்கியிருக்கேன். மோகனராஜ், ஏர்கோன், பினாங்கு, மூணு சொல்லும் முகவரியிலேயே இருக்கு. ஜனங்க தட்டுற சொல் முகவரியிலேயே இருந்தா தேடல்ல மேலே தூக்கி வெக்கும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. உன் பேரைத் தட்டினா செத்த பையன் வரக் கூடாது, ஏர்கோன் வரணும். இந்த வருஷம் அதுதான் என் லட்சியம். எஸ்.பி.எம். பரீட்சை அதுக்கு அப்புறம்லா.

உன் வாலு,
ஷர்மினி


சிறைச்சாலை,
20 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஷர்மினிக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இருமல் குறைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல். அம்மா முட்டிக்குத் தைலம் போடுகிறார்களா என்று நீ எழுதவே இல்லை.

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. கொடுக்கும்போது வார்டன் சிரித்தார்.

வெப்சைட் உன் இஷ்டம். பத்து வருட அனுபவம் என்றெல்லாம் பொய் எழுதாதே. இன்னொன்று. ‘செத்த பையன்’ என்று எழுதியிருந்தாய். அவனுக்குப் பேர் இர்வான். பத்தொன்பது வயது. இனிமேல் பேரைச் சொல்லு.

டத்தோ கிராமாட்டில் அவர்கள் வீட்டு முகவரி கோர்ட் தாளில் இருக்கும். எனக்கு அனுப்பு. ஏன் என்று கேட்காதே. அம்மாவிடமும் சொல்லாதே.

அண்ணன்,
மோகன்


பாயான் பாரு,
2 மார்ச் 2025

மரியாதைக்குரிய பொய் சொல்லாத அண்ணனுக்கு,

அம்மா நலம், தைலமும் நலம், தைல வாசனையில நான்தான் நலமில்லை. நீ கேட்ட முகவரி இந்தத் தாளுக்குப் பின்னால இருக்கு. எதுக்குன்னு கேக்காதேன்னு சொன்னே, கேக்கல. கேள்வி இல்லாம கேள்விக்குறி மட்டும் வெக்கிறேன்: ?

நம்ம வெப்சைட் கதை சொல்லவா? நாலாவது பக்கத்துல கிடக்கு. தேடல்ல நாலாவது பக்கத்தைப் பார்க்கிறவன் ஒண்ணு போலிஸ், இல்லாட்டி என்னை மாதிரி வேலை இல்லாதவ. போர்டுல ‘பினாங்குலேயே ருசியான நாசி கண்டார் சோறு’னு எழுதிட்டா குழம்பு ருசிச்சிடுமா? ஒரு காலத்துல ருசிச்சுதாம். முகவரியில சொல் இருந்தாலே போதும், மேலே வந்துடலாம். அப்புறம் ஆளாளுக்கு அப்படி வாங்கிக் குவிச்சதால அந்தச் சொல்லுக்கு மதிப்பே குறைஞ்சு போச்சு. இப்ப உள்ளே என்ன எழுதியிருக்கு, நம்ம பக்கத்துக்கு வேற யாரெல்லாம் கை காட்டுறாங்க, இதைத்தான் பார்க்குமாம். பத்திரிகைச் செய்திக்கு ஊரே கை காட்டுது. நமக்குக் கை காட்டுறது இம்ரான் அண்ணனும் அம்மாவும். அம்மா அதையும் தப்பா அமுக்கி வேற யார் கடைக்கோ அனுப்பி வெச்சிட்டாங்க.

விட்டுடுவேன்னு நெனைக்காதே. ஏர்கோன் ஏன் ஒழுகுது, ஏன் நாறுது, ஏன் பேய் மாதிரி சத்தம் போடுதுன்னு தினமும் ஒண்ணு எழுதிப் போடுறேன். இம்ரான் அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதுறேன். அவர் சொல்றதுல பாதி கெட்ட வார்த்தை, அதை வடிகட்டுறதுக்கே ஒரு ஃபில்டர் வேணும்.

உடம்பைப் பார்த்துக்கோ.

வடிகட்டின தங்கச்சி,
ஷர்மினி


சிறைச்சாலை,
9 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷர்மினி,

நலம். நோன்புப் பெருநாளுக்கு இங்கே ரெண்டாங் கறி கொடுத்தார்கள். அம்மா சமைத்ததை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

உன் கேள்விக்குறிக்குப் பதில்: கடிதம் எழுதத்தான் கேட்டேன். இர்வானின் அம்மாவுக்கு ஒன்று எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று நான் நினைக்கவும் கூடாது.

நீ எழுதுவதைப் படித்தால் நான் சிரிக்கிறேன், அது உண்மைதான். ஆனாலும் மலாயிலேயே எழுது. அவசரம் என்று ஏதாவது வந்தால் என்ன செய்வாய்?

அண்ணன்


பாயான் பாரு,
18 மே 2025

முதல் பக்கத்து முதலாளி மோகனராஜ் அவர்களுக்கு,

வணக்கம் பல. உடம்பு எப்படின்னு கேக்குறதுக்கு முன்னால ஒரு தடவை கை தட்டிக்கோ. தட்டியாச்சா? இப்ப சொல்லு, உடம்பு எப்படி? அம்மா நல்லா இருக்காங்க, இந்த மாசம் பகல் ஷிஃப்ட்.

அண்ணே, வழி கண்டுபிடிச்சிட்டேன். முன்வாசல்ல ஒரே கூட்டம். மோகனராஜ்னு டாக்டர் இருக்கார், வக்கீல் இருக்கார், ஜொகூர்ல ஒரு யோகா மாஸ்டர்கூட இருக்கார். எல்லாரும் உன் பேரைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கிறாங்க. அப்பத்தான் கவனிச்சேன். உன்னைத் தேடுறவங்க அந்தச் செய்தியைப் படிச்சதும் அடுத்து தட்டுறது இர்வான் பேரைத்தான். அந்த முழுப் பேருக்கு, இர்வான் ஷேக் அலாவுதீன்னு தட்டினா, அந்தச் செய்தியைத் தவிர உலகத்துல எதுவுமே இல்ல. போட்டியே இல்ல. போட்டி இல்லாத இடத்துல முகவரியில இருக்கிற பேருக்கு இன்னமும் மவுசு இருக்கு.

அதனால அந்தப் பேருலேயே ஒரு முகவரி வாங்கிட்டேன். ஒரே ஒரு பக்கம். தலைப்புல அந்தப் பேரு, அதுக்குக் கீழே ‘உங்கள் வீட்டு ஏர்கோன் குளிரவில்லையா? மோகனராஜை அழையுங்கள்’, அப்புறம் என் போன் நம்பர். ரெண்டே வாரத்துல முதல் இடம். பழைய செய்தி ரெண்டாவதுக்குப் போயிடுச்சு. இது குளிர்சாதனம் இல்லண்ணே, குளிர் சாதனை.

நீ மூஞ்சியைச் சுளிக்கிறது எனக்கு இங்கே தெரியுது. இர்வான்னுதான் எழுதியிருக்கேன், பேரைச் சொல்லச் சொன்னியே. அந்தப் பேரை யாரு தட்டப் போறாங்க? வேலை குடுக்குறவன் தட்டுவான், பத்திரிகைக்காரன் தட்டுவான். ரெண்டு பேரும் ஏர்கோனைப் பார்த்துட்டுப் போகட்டும்.

சாதனையாளர்,
ஷர்மினி


பாயான் பாரு,
29 ஜூன் 2025

ஆளையே காணோம் அண்ணனுக்கு,

நலமா? வார்டன் லீவா, நீ கோபமா? ரெண்டும் இல்லாட்டி கை சுளுக்கா? ஏதாவது ஒரு வரி எழுது. அம்மா தபால் பெட்டியைத் திறந்து திறந்து அதோட பூட்டே தேஞ்சு போச்சு.

இங்கே நல்ல சேதி. போன் வருது. இன்னிக்கு டத்தோ கிராமாட்லேருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க, தமிழ்லேயே பேசினாங்க. எந்தப் பக்கத்துல பார்த்து போன் பண்றீங்கன்னு கேட்டேன், போன்ல தேடினப்ப வந்துச்சுன்னாங்க. ரூம் ஏர்கோன் பார்க்கணுமாம். வீட்டு நம்பர் சொல்லல. மெயின் ரோட்டுல வந்து கூப்பிடுங்க, மகளை அனுப்புறேன்னு சொல்லிட்டாங்க. வர்ற சனிக்கிழமை இம்ரான் அண்ணனோட நானும் போறேன், ஏணியைப் பிடிக்க. உன் பேருக்கு வந்த முதல் வேலைண்ணே.

காத்திருக்கும்,
ஏணி பிடிப்பவள்


சிறைச்சாலை,
3 ஜூலை 2025

ஷர்மினி,

உன் மே மாதக் கடிதம் இன்று காலையில்தான் கிடைத்தது. தமிழ் வார்டனுக்கு ஆபரேஷனாம், ஒரு மாதத்துக்கு மேல் லீவு. இன்று வந்திருக்கிறார். அவர் கண் முன்னாலேயே இதை எழுதிக் கொடுக்கிறேன், உடனே தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். போன் பேச எனக்கு முறை அடுத்த மாதம்தான்.

இர்வான் பேரில் இருக்கிற அந்தப் பக்கத்தை மூடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்கு முன்னால் மூடு.

அவன் அம்மா சலேஹா எனக்குப் பதில் எழுதியிருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் வந்தது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது என் தப்பு. அன்றைக்கு ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் இர்வானின் தலை என் மடியில்தான் இருந்தது. அவன் பேசினான். கோர்ட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. என் கடிதத்தில் அவன் பேசினான் என்று மட்டும் எழுதினேன். அதற்கு அவர்கள் மூன்று வரி எழுதினார்கள். ‘உன்னை மன்னிக்கவில்லை. என் பிள்ளை கடைசியாக என்ன சொன்னான்? வெளியே வந்ததும் என் முன்னால் நின்று சொல்.’

கடிதத்தில் எழுதினால் வார்டன் முதலில் படிப்பார். அவன் அம்மாவுக்கு முன்னால் வேறு ஆள் அதைப் படிக்கக் கூடாது. அதனால் டிசம்பரில் நேரே வந்து சொல்கிறேன் என்று எழுதிவிட்டேன். அந்த நாளுக்காகத்தான் இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வேலை கிடைக்காவிட்டால் பரவாயில்லை. என் பேர் நாறினால் நாறட்டும்.

நான் இதைச் சொல்லியிருந்தால் நீ அப்படிச் செய்திருக்க மாட்டாய். தெரியும். மூடு.

மோகன்


பாயான் பாரு,
6 ஜூலை 2025

அண்ணே,

நாங்க நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கியா? இதுக்கு மேல எப்படி எழுதுறதுன்னு தெரியல. உன் கடிதம் எதுவும் இன்னும் வரல.

நேத்து அந்த வேலைக்குப் போனோம். ரோட்டுல ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு, ஐனாவாம், என் வயசுதான் இருக்கும். பேசாம முன்னால நடந்தா. வாசலுக்குப் போனதும் வீட்டு நம்பரைப் பார்த்தேன். நானே உனக்கு எழுதி அனுப்பின நம்பர். இம்ரான் அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது, அவர் பாட்டுக்கு ஏணியைத் தூக்கிக்கிட்டு உள்ளே போயிட்டார். ஹால்ல இர்வானோட அப்பா ஷேக் அலாவுதீன் அங்கிள் நாற்காலியில உக்கார்ந்திருந்தார். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கல.

பின்னால ஒரு சின்ன ரூம், இர்வானோடதுன்னு நெனைக்கிறேன். கட்டில்ல மெத்தை இல்ல. ஏர்கோன் ஓடிக்கிட்டே இருந்துச்சு, உள்ளே போனதும் பல்லு கிட்டிப்போச்சு. இம்ரான் அண்ணன் மேலே ஏறித் திறந்து பார்த்துட்டு, நல்லாத்தானே குளிருது மாமி, இதுல ஒரு கோளாறும் இல்லையேன்னார். தெரியும்னாங்க சலேஹா ஆன்ட்டி. இந்தப் பக்கத்தை யாரு செஞ்சதுன்னு போனை நீட்டினாங்க. நான் கிளாஸ்ல மாதிரி கையைத் தூக்கினேன். ஏன் அப்படித் தூக்கினேன்னே தெரியல.

அவங்க திட்டல. தெனமும் விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு மகன் பேரைத் தட்டிப் பார்ப்பாங்களாம். அந்தச் செய்தியில இருக்கிற படம் அவங்ககிட்ட இல்லையாம். அவன் கூட்டாளி யாரோ எடுத்தது, அதுல சிரிச்சிருப்பானாம். பேரைத் தட்டி அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் மறு வேலை. ஒரு நாள் தட்டினா, ஏர்கோன் குளிரலையான்னு கேட்டிருக்கு. அதுக்குக் கீழே உன் பேரு.

அப்புறம் கேட்டாங்க: “உங்க அண்ணன் எனக்குக் கடிதம் போட்டான். என் பிள்ளை பேசினான்னு எழுதினான். எல்லாம் வியாபாரத்துக்குத்தானா?”

உனக்கு எதுவும் தெரியாது, நான்தான் செஞ்சேன்னு சொன்னேன். அந்தப் பக்கத்துல உன் பேருதானே இருக்குன்னாங்க. அங்கேயே நின்னு போன்லேயே அழிச்சேன். அழிச்சிட்டு அவங்க போன்ல மறுபடி தட்டிக் காட்டினேன். அப்பவும் தலைப்பு முதல் இடத்துலேயே நிக்குது. பக்கம் போனாலும் தேடல்லேருந்து மறைய நாளாகும்னு நான் சொன்னதை அவங்க கேட்டுக்கிட்டாங்களான்னு தெரியல. கிளம்புறப்ப சர்வீஸ் காசை இம்ரான் அண்ணன் கையில திணிச்சாங்க. அவர் வேணாம்னு எவ்வளவோ சொன்னார். கூப்பிட்டேன், வந்தீங்க, வாங்கிக்கோங்கன்னுட்டாங்க.

நீ எழுதின கடிதத்தைப் பத்தி எங்கிட்ட ஏண்ணே முழுசாச் சொல்லல? உன்னைக் குத்தம் சொல்லல. கேக்குறேன், அவ்வளவுதான்.

ஷர்மினி


சிறைச்சாலை,
17 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

உடம்பு பரவாயில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. அதே வாரம் அவர்களும் எழுதியிருந்தார்கள். ‘வராதே’ என்று ஒரு சொல்தான் இருந்தது. நீ செய்தது என்று நான் பதில் எழுதினேன். தங்கையின் மேல் பழியைப் போடுகிற மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை. பரீட்சைக்குப் படி.

மோகன்


பாயான் பாரு,
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு முட்டி வலி கூடியிருக்கு, ஆனா நடக்கிறாங்க. நான் படிக்கிறேன். நிஜமாத்தான்.

இர்வான் முகவரியை நானே வெச்சிருக்கப் பயமா இருந்துச்சு. விட்டுட்டாலும் வேற எவனாவது வாங்கிக் கண்டதைப் போடுவான். ஐனாவை ஸ்கூல் விட்டு வர்ற வழியில பார்த்து, நீங்களே எடுத்துக்கோங்கன்னு கெஞ்சி, அவ பேருக்கு மாத்திக் குடுத்துட்டேன். அந்தச் சிரிக்கிற படத்தை அவன் கூட்டாளிகிட்ட கேட்டு வாங்கிப் போட்டிருக்கா. படம், பேரு, பிறந்த நாள், இறந்த நாள். வேற எதுவும் இல்ல. இப்ப அதுதான் முதல்ல வருது. உன்னோட ஏர்கோன் பக்கத்தையும் எடுத்துட்டேன். உன் பேரைத் தட்டினா பழைய செய்தியேதான்.

ஆன்ட்டிகிட்ட உனக்காகப் பேசச் சொன்னேன். ஐனா முடியாதுன்னுட்டா. நம்ம வீட்டுப் பேச்சை எடுத்தாலே அவங்க எழுந்து ரூமுக்குப் போயிடுறாங்களாம்.

இருந்தாலும் நீ போண்ணே. வராதேன்னு எழுதினாலும் போ. நேர்ல உன் மூஞ்சியைப் பார்த்தா தெரிஞ்சுக்குவாங்க. நானும் கூட வர்றேன். வேணாம்னா தெரு முனையில நிக்கிறேன்.

ஷர்மினி


ஈப்போ,
14 டிசம்பர் 2025

அன்புத் தங்கை ஷர்மினிக்கு,

நலமாக இருக்கிறேன். வெளியே வந்து ஒரு வாரம் ஆகிறது. நீயும் அம்மாவும் என்னைத் தேடியிருப்பீர்கள். போனில் அம்மா குரலைக் கேட்கத் தெம்பு இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பினாங்குக்கு வந்தேன். பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி பிடித்து, நேரே டத்தோ கிராமாட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்று சலாம் சொன்னேன். அவர்களே வந்தார்கள். பதில் சலாம் சொன்னார்கள். கேட்டைத் திறக்கவில்லை. இர்வான் சொன்னதைச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன்.

“சொல்லாதே. அந்த விளம்பரத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால நீ சொல்லியிருந்தா அப்படியே நம்பியிருப்பேன். இப்ப நீ எதைச் சொன்னாலும், அவன் சொன்னதா, நீயா எனக்குப் பிடிக்கிற மாதிரி செஞ்சு கொண்டு வந்ததான்னு சாகிற வரைக்கும் யோசிச்சுக்கிட்டே கிடப்பேன். தெரியாமலே இருந்துட்டுப் போறேன். போ தம்பி.”

நான் வாயைத் திறந்தேன். அவர்கள் இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டார்கள். அதற்கு மேல் அங்கே நிற்கக் கூடாது என்று கிளம்பிவிட்டேன்.

வீடு வரைக்கும் வர முடியவில்லை. உள்ளே பழக்கமான தங்கராஜு என்பவருக்கு இங்கே ஒரு பட்டறை இருக்கிறது. அங்கேயே வேலை, அங்கேயே தங்கல். அவர் என் பேரை எதிலும் தேடிப் பார்க்கவில்லை. எப்போது வருவேன் என்று தெரியாது. நீ செய்ததற்காக வராமல் இருக்கிறேன் என்று நினைக்காதே. அவன் சொன்னது என்னிடமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மாவிடம் நீ ஏதாவது சொல்லு.

அண்ணன்,
மோகன்


பாயான் பாரு,
21 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா இருக்கேன்னு எழுதியிருந்தே. சரி. சாப்பாட்டுக்கு என்ன பண்றே? பட்டறையில தூங்க இடம் இருக்கா? கொசுவலை வேணும்னா அனுப்புறேன்.

உன் கடிதத்தைப் படிகட்டுல உக்கார்ந்து படிச்சேன். ஆன்ட்டி காதை மூடிக்கிட்டதை எழுதியிருக்கியே, அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க ரொம்ப நேரம் ஆச்சு. இர்வான் என்ன சொன்னான்னு நான் எப்பவும் கேக்க மாட்டேன். அது எனக்கு வந்து சேர வேண்டியது இல்ல.

நீ வருவேன்னு அம்மா லீவு போட்டுட்டு மீன் வாங்கி வெச்சிருந்தாங்க. நேத்துத்தான் அவங்ககிட்ட சொன்னேன். ஈப்போவுல பெரிய கம்பெனியில அண்ணனுக்கு வேலை கிடைச்சிருக்கு, புது ஆளுங்களுக்கு லீவு தர மாட்டாங்களாம், அதான் வர முடியலன்னு. உன் கடிதத்துலேயே அப்படி இருக்கிற மாதிரி வாசிச்சும் காட்டினேன்.

உடனே நம்பிட்டாங்கண்ணே.

ஷர்மினி